செல்லாத நாற்பத்தொரு ஓட்டங்கள்

கச்சிபௌலி, ஹைதராபாத்
12 ஆகஸ்ட் 2007, ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள பகவதிக்கு,

சௌம்யா எழுதிக்கொள்வது. ரஞ்சனும் குழந்தையும் நானும் இங்கே சுகம். நீயும் அம்மாவும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் ஜூலை இருபத்தொன்றாம் தேதி கைக்கு வந்தது. இன்றோடு இருபத்திரண்டு நாள். தாமதத்துக்கு வேலை, குழந்தை, மழை என்று என்னென்னவோ சொல்லலாம். ஆறு தடவை எழுத ஆரம்பித்து ஆறு தடவையும் கிழித்துப் போட்டேன் என்பதுதான் உள்ளது.

விண்ணப்பம் போய்ச்சேரக் கடைசி நாள் ஆகஸ்ட் 31 என்று நீ எழுதியிருந்ததை மறக்கவில்லை. சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். "பள்ளிக்கூட வேலைய விட்டுட்டு முப்பது வயசுல ஆராய்ச்சிக்குப் போறது கிறுக்குத்தனமா, சொல்லு. சந்தானம் சாரே வேண்டாம்னு தள்ளுனவ நான். சிபாரிசுக் கடிதத்துக்கு அவருகிட்டதான் போகணும். அவரு முகத்துல முழிக்கத் தெம்பில்ல. எந்த ரீடிங் நிக்கும், எது நிக்காதுன்னு உனக்குத்தான் தெரியும். போன்ல கேட்டா சமாதானம் சொல்லிருவ. எழுத்துல பொய் சொல்ல உனக்கு வராது." இப்படி முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரியை விட்டு நகர முடியாமல்தான் இத்தனை நாளும் இருந்தேன்.

பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கத்துச் சேதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தால்தான் எனக்கு அந்த இடத்துக்கு வந்துசேரத் தைரியம் வரும். பொறுத்துக்கொள்.

ஹர்ஷிதாவுக்குப் பதினெட்டு மாதம். இன்னும் நடக்கவில்லை. தவழவும் இல்லை. உட்கார்ந்த வாக்கில் ஒரு காலை மடக்கி, இடது கையைத் தரையில் ஊன்றி, துடுப்புப் போடுகிற மாதிரி தேய்த்துத் தேய்த்துப் போகிறாள். வேகத்துக்குக் குறைவில்லை. நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்புவதற்குள் கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பாள். டாக்டர் காலையும் இடுப்பையும் திருப்பிப் பார்த்தார். இப்படிச் சில குழந்தைகள் உண்டு, இவர்கள் நடக்கத் தாமதமாகும், ஆகஸ்ட் இருபத்துமூன்றாம் தேதி மறுபடி கொண்டுவாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் சில பரிசோதனைகள் செய்துபார்ப்போம் என்றார். என்னென்ன பரிசோதனை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரஞ்சனைக் கேட்கச் சொன்னால், "சொல்ல வேண்டியப்ப அவரே சொல்வாரு" என்கிறார்.

கனகவல்லி அத்தை தென்காசியிலிருந்து தினமும் போன் செய்கிறார். "எம்மவன் ஒம்பது மாசத்துல தெருவுல ஓடுனான். நீ எறக்கியே விடாம இடுப்புல வச்சுக்கிட்டு அலைஞ்சா புள்ள எப்படி நடக்கும்?" மாமியார் அப்படி என்றால், கீழ்வீட்டு லலிதா ஆன்ட்டி வேறு மாதிரி. மல்காஜ்கிரியில் மூன்று தலைமுறையாக ரயில்வே வேலையில் இருந்த தமிழ்க் குடும்பம். மகன் இங்கே கம்பெனியில் சேர்ந்ததும் கூடவே வந்துவிட்டார். "கைக்கு டென்ஷன்மா? நக்கோ, நக்கோ. எங்க சின்னவன் ரெண்டு வயசுக்குத்தான் எழுந்து நின்னான். இப்ப பாரு, வீட்லயே நிக்க மாட்டேங்கறான். ஹவ்!" பாதி ஹைதராபாத் உருது கலந்த பேச்சு; 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம். அவர் பேசிவிட்டுப் போனால் ஒரு அரை மணி நேரம் பயம் இல்லாமல் இருக்கும். அப்புறம் வந்துவிடும்.

நான் ஒரு காரியம் செய்துவந்தேன். அவள் நடக்காத ஒவ்வொரு நாளுக்கும் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி. ஜூன் முழுக்கப் பெருக்கல் குறி. ஜூலை முழுக்கப் பெருக்கல் குறி. உனக்குத் தெரியாததா, அட்டவணை போடாமல் எனக்குக் கவலைப்படக்கூட வராது.

பலகை உனக்கு நினைவிருக்கும். எப்படி மறக்கும்? பாளையங்கோட்டையில் நம் துறையின் பின்கட்டில் கிடந்த உடைந்த கரும்பலகை. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நீ, "ஏட்டி, இதச் சொமக்கதுக்கா எம்.எஸ்ஸி. சேந்தோம்" என்று சிரித்தாய். அதன் மேல் சாக்கைச் சுற்றி, ஒரு முனையைச் செங்கல்லில் ஏற்றி, ஓரத்தில் பாகைமானியையும் நூலில் கட்டிய ஈயக் குண்டையும் தொங்கவிட்டோம். மேலப்பாளையம் சந்தையில் வாங்கிய இருபத்துநாலு நாட்டுக்கோழிக் குஞ்சு. ஒன்றை ஒன்று அடையாளம் தெரிய நகத்துக்கு நெயில் பாலிஷ். சிவப்பு இடது, சிவப்பு வலது, ரோஸ் இடது, ரோஸ் வலது. அதற்காக நீ விடுதியில் யார் யாரிடமோ பாட்டில் கடன் வாங்கினாய். குஞ்சுகளுக்கு நகம் பூசுகிறவள் உன் விரலுக்கு ஒரு நாளும் பூசிக்கொண்டதில்லை.

குஞ்சுகளின் கால் வலு வயதோடு எப்படிக் கூடுகிறது, எந்தச் சரிவு வரை ஏறும் என்பதுதான் நம் தலைப்பு. எனக்கு அந்தத் தலைப்பு மிகவும் பிடித்திருந்தது. ஒரு எண், அதற்கு எதிரே ஒரு எண். கோடு போட்டால் நேராக வரும்.

ஆனால் நீ அங்கே வந்தது வேறு எதற்கோ. பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம் சந்தானம் சார் பரிணாமம் நடத்தும்போது நீ எழுந்து கேட்டது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. செதில் நீண்டு, பிசிறி, இறகாயிற்று, மரத்திலிருந்து மரத்துக்குத் தாவிய பிராணி கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கக் கற்றது என்று புத்தகத்தில் இருந்ததை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "சார், முழு ரெக்கை இருந்தா பறக்கும். ரெக்கையே இல்லன்னா ஓடும். பாதி ரெக்கைய வச்சுக்கிட்டு அது என்ன செய்யும்? பூனைக்குச் சாப்பாடாகுமா?" வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு, "நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியாது. உக்காரு" என்றார். உனக்கு அது நினைவில்லாமல் போயிருக்கலாம். நினைவு வைத்துக்கொள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானமே கரண்ட் போனதே, அது? நாற்பது வாட் பல்பு அணைந்ததும் அட்டைப்பெட்டி சில்லிட்டுப் போய், குஞ்சுகள் கத்தத் தொடங்கின. நான் ஈ.பி.க்குப் போன் செய்ய ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் நீ பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் குனிந்து, துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உள்ளே இருபத்துநாலும் சத்தமில்லாமல் இருந்தன. "இங்க பாரு, இதுவளுக்கு இப்ப ரெக்கை எதுக்கு இருக்கு? குளிருக்குத்தான். பறக்கிறது அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்குதுவ" என்றாய். ஏதோ விளையாட்டுக்குச் சொன்னாய் என்று நினைத்தேன்.

பகவதி, அது விளையாட்டில்லை. இதை நான் 2004-இல் தெரிந்துகொண்டேன். அப்போது இங்கே மருந்துச் சோதனைத் தகவல்களைச் சரிபார்க்கிற கம்பெனி ஒன்றில் வேலை. நமக்கு வாய்த்த விலங்கியலுக்கு இந்த ஊரில் அந்த வேலைதான் கிடைத்தது. ஒட்டாத எண்ணைத் தேடிப் பிடித்துக் கேள்வி எழுப்புவதே நாள் முழுக்க வேலை. எனக்கு நல்ல பெயர். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் இணையத்தில் எதையோ தேடப்போய் இதில் போய் விழுந்தேன். சீனாவில் பழைய ஏரிப் படிவுகளில் டைனோசர்கள் கிடைத்திருக்கின்றன. பறக்க வழியே இல்லாத, தரையில் ஓடுகிற பிராணிகள். அவற்றின் உடம்பைச் சுற்றி மயிர் போல, பஞ்சு போல ஏதோ படிந்திருக்கிறது. செதில் பிசிறி இறகானது என்று நாம் படித்ததைக் கூட இப்போது மாற்றிச் சொல்கிறார்கள். முதலில் தோலிலிருந்து ஒரு சின்னக் குழாய். பிறகு அது கிளை விட்டுத் தூவி. பிறகு நடுவில் தண்டு வந்து, கிளைகள் கொக்கி போட்டுக் கோத்துக்கொண்டு, நாம் கையில் நீவிப் பார்க்கிற தட்டையான இறகு. பறப்பதற்கென்று ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் அகன்றது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதுவரைக்கும் குளிருக்குப் போர்வை. துணையை மயக்க நிறம். இரண்டு கையையும் விரித்து முட்டைகளின் மேல் கவிந்தபடியே கல்லாகிப்போன ஒன்றின் படமும் இருந்தது. அதைப் பார்த்ததும் அட்டைப்பெட்டி மேல் குனிந்திருந்த உன்னைத்தான் நினைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பேன். அடுத்த பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கௌதாரி இனக் குஞ்சுகளைச் சரிவான பலகையில் ஏறவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பறக்கத் தெரியாத குஞ்சுகள். செங்குத்தாக ஆக ஆக அவை அரைகுறை இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டே ஓடி ஏறுகின்றன. அந்த அடி குஞ்சை மேலே தூக்குவதற்கு இல்லையாம். உடம்பைச் சரிவோடு சேர்த்து அழுத்துகிறது. பாதம் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. பாதி இறக்கைக்கு இதுதான் வேலையாக இருந்திருக்கும், பறத்தல் இப்படித்தான் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவில்லை. மரத்திலிருந்து குதித்துத்தான் கற்றன என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 2003-இல் அது அச்சில் வந்துவிட்டது. சரிவுப் பலகை. பாகை. இறக்கை அடிக்கும் குஞ்சு.

நீ அதைப் பார்த்தது 1999 நவம்பரில்.

அந்தக் கட்டுரையின் மூன்று பக்கத்தையும் ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்தேன். சர்ட்டிபிகேட் வைக்கிற ஃபைலில் அடியில் வைத்தேன். மூன்று வருஷமாக உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் அம்மாவின் முட்டிவலியைக் கேட்டேன், மழையைக் கேட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

அதற்கு முன் வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த ஏழாவது காகிதம் கிழிபடாமல் இருக்கிறது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. பின்னால் பாறைகள். யாரோ ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்துவைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். நடுவில் முள்ளும் புல்லும். அந்தக் கோடியில் ஒரு கம்பெனிக் கட்டடத்துக்காகப் பாறையை உடைக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு வந்து மூன்று விசில் ஊதுவார். அப்புறம் வெடி. ஜன்னல் கண்ணாடி நடுங்கும். வீட்டு வேலைக்கு வருகிற நாகம்மா அன்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா, சூடண்டி! பிட்ட பில்லலு!" என்று கூப்பிட்டாள். பறவைக் குஞ்சுகளாம், வந்து பார்க்க வேண்டுமாம். ஹர்ஷிதாவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

கௌதாரி. தாயும் ஐந்து குஞ்சும் பாறையடிப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த ஆள் விசில் ஊதினார். தாய் ஒரு கணம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. நேராகப் பாறை மேல் ஓடியது. குஞ்சுகள் பின்னாலேயே ஓடின. பாறை அந்த இடத்தில் நல்ல சரிவு, என் கண்கணக்கில் ஐம்பத்தைந்து பாகை இருக்கும். அடியில் வெறும் காலால் ஓடின. பாதிக்கு வந்ததும் முதல் குஞ்சு இறக்கையை விரித்தது. இறக்கை என்று சொல்லக்கூட முடியாது, இரண்டு விரல் அகலம். அடித்தது, அடித்தது, ஏறிவிட்டது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது ஒரு தடவை வழுக்கி, திரும்ப அடித்து, ஏறியது. ஐந்தாவதும் ஏறி முள்ளுக்குள் போன பிறகுதான் வெடி வெடித்தது. நாகம்மா சிரித்துக்கொண்டே கை தட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

நாகம்மா கீழே விட்டதும் ஹர்ஷிதா வழக்கம்போல் கையால் துழாவிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் புடவையைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து ஏறினாள். இதை அவள் தினமும் செய்கிறாள். ஏழெட்டுத் தடவை செய்கிறாள். ஒரு நாள்கூட நான் அதை எங்கேயும் குறித்ததில்லை. இரண்டு மாதமாகப் பெருக்கல் குறி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று காலண்டரைப் பார்த்தபோது வேறொரு தாள் என் கண்ணில் வந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது நாளிலிருந்து நம் குஞ்சுகள் பலகையில் இறக்கை அடிக்கத் தொடங்கின. நான் கடுப்பாகிப்போனேன். நாம் அளப்பது கால் வலு; இறக்கை அடித்து ஏறினால் அந்த ஓட்டம் எதற்கு ஆகும்? ஒவ்வொன்றுக்கும் எதிரே "செ" என்று எழுதினேன். செல்லாது. நீ பக்கத்தில் நின்று மல்லுக்கட்டினாய். "கெட்டுப்போன ரீடிங் இல்லட்டி இது. இதுதான் ரீடிங்கே!" நான் கேட்கவில்லை. மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கிவந்து குஞ்சுகளின் இறக்கையை உடம்போடு ஒட்டிவிட்டேன். ஒட்டிய குஞ்சு நாற்பத்தைந்துக்கு மேல் சறுக்கியது. ஒட்டாதபோது அதே குஞ்சு அறுபதில் ஏறியிருந்தது. இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை யாராவது யோசித்துச் செய்திருந்தாலும் செய்திருக்க முடியாது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாதியைத் தூரப்போட்டேன். ஒட்டிய குஞ்சுகளின் எண்ணை மட்டும் எடுத்தேன். கோடு நேராக வந்தது.

நீ விடவில்லை. செல்லாத நாற்பத்தொரு ஓட்டங்களையும் தனி அட்டவணையாக நாலு தாளில் எழுதினாய். எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து, "நான் போனா உளறிருவேன். நீ நல்லா எடுத்துச் சொல்லுவ. சாருகிட்ட இதைக் காட்டு. அவரு வேண்டாம்னா விட்டுருதேன்" என்றாய். அன்று சாயங்காலம் விடுதி வாசலில் எனக்காகக் காத்திருந்தாய். நான் வந்து, "பாத்தாரு. வேண்டாம்னுட்டாரு" என்றேன். நீ "சரி" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை.

பகவதி, நான் காட்டவில்லை. சார் அந்தத் தாள்களைப் பார்க்கவே இல்லை. அவர் அறை வரைக்கும் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். காட்டினால் அவருக்குப் பிடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்வார். ஜனவரியில் முடிக்க முடியாது. எனக்குப் பிப்ரவரியில் நிச்சயதார்த்தம். அழகாக வந்திருந்த என் கோடு போய்விடும். இவ்வளவுதான் காரணம். பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ பி.எட். போனபோது, உனக்குக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷமும் "சாரே வேண்டாம்னு தள்ளுனவ" என்று நீ உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் இருபத்திரண்டு நாள் சும்மா இருந்தேன். எழுத்தில் பொய் சொல்ல எனக்கு வராது என்றாய். "செ" என்று நாற்பத்தொரு தடவை எழுதியவள் நான்தான்.

நேற்று சாயங்காலம் சாருக்குப் போன் செய்தேன். நம்பரை லலிதா ஆன்ட்டி வீட்டுப் போனிலிருந்து ஏழெட்டுப் பேரைக் கேட்டு வாங்கினேன். ஓய்வு பெற்று அதே பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் சொன்னேன். எந்த அட்டவணை என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை புரிந்துகொண்டார். பிறகு, "அந்த வருஷம் எனக்கு ஒரு ஆள எடுத்துக்க எடம் இருந்துச்சும்மா. பாதி ரெக்கை கேட்டாளே, அந்தப் புள்ள வந்து கேப்பான்னு இருந்தேன். வரல. நாமளா கூப்பிட்டா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். உனக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் இனி நான் எதையும் விட்டுவிட்டு எழுத மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றார். "சனிக்கிழம சாயங்காலம் வீட்லதான் இருப்பேன். அந்தத் தாளோட வரச் சொல்லு. எனக்குப் பாக்கணும்" என்றார். வருகிற சனிக்கிழமை, பதினெட்டாம் தேதி. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரம்தானே? முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நாலு தாளும் இத்துடன் இருக்கின்றன. ஆமாம், என்னிடம்தான் இருந்தன. பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கும், தென்காசியிலிருந்து இங்கேயும், வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தன. தூரப்போட எனக்குத் துணிச்சல் வரவில்லை, காட்டவும் வரவில்லை. அமெரிக்காக் கட்டுரையின் மூன்று பக்கத்தையும் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, எல்லாம்தான் ஏற்கெனவே செய்துவிட்டார்களே என்று உட்கார்ந்துவிடாதே. பாதி இறக்கையைப் பற்றி இன்னும் கேட்க எவ்வளவோ இருக்கிறது. கேட்கத் தெரிந்தவள் நீ. எந்த ரீடிங் நிற்கும் என்று கேட்டாய் அல்லவா? அந்த நாற்பத்தொன்றும் நிற்கும். நான் எழுதி நீயும் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரெக்கார்டுதான் நிற்காது.

ரஞ்சன் இப்போதுதான் எழுந்து வந்தார், ராத்திரி ஷிப்டு. காபியை வைத்துக்கொண்டு, "இவ்வளவு நீளமா யாருக்கு? மெயில்ல போட்டா ரெண்டு செகண்ட்ல போயிரும்ல" என்றார். எட்டு வருஷம் தாமதமானது இரண்டு நொடியில் போனால் அழகாயிருக்காது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போயிருக்கிறார், கௌதாரி தேட. நாளைக் காலை இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். பதினைந்தாம் தேதி லீவு. வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்க மாட்டேன். கோபத்தோடு எழுதினாலும் வாங்கிக்கொள்வேன்; எழுதாவிட்டாலும் அதுதான் நியாயம் என்று இருப்பேன். ஆனால் என் மேல் உள்ள கோபத்தில் விண்ணப்பத்தை மட்டும் விட்டுவிடாதே. அது தனி, இது தனி. இருபத்துமூன்றாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரைக்கு டாக்டரிடம் போகிறோம். காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். குழந்தை என்னென்ன செய்கிறாள் என்று ஒரு நோட்டில் எழுதிவருகிறேன், அதைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அன்று காலை உனக்கு மனம் வந்தால், என்னை அல்ல, அவளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். உன் நினைப்பில் சூடு உண்டு. இருபத்துநாலு குஞ்சுக்குத் தெரியும்.

மூன்றாவது தாளைப் பார். நெயில் பாலிஷ் சிந்திய இடம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அதற்கு நேர் மேலே உன் எழுத்து: "சிவப்பு இடது, 60 பாகை, ஏறிவிட்டது!" ஆராய்ச்சித் தாளில் ஆச்சரியக்குறி போடக்கூடாது என்று அன்று உன்னோடு சண்டை போட்டேன். பிறகு நீ கொடுத்த இந்தத் தாளிலும் அந்த வரிசை முழுவதையும் நான் அடித்தபோது, என் கோடு ஆச்சரியக்குறி வரைக்கும் போகாமல் நின்றிருக்கிறது. அது மட்டும் தப்பித்துவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போ, பகவதி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, தாள் நனைந்துவிடும்.

நீ நன்றாயிருக்க வேண்டும். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
சௌம்யா